கச்சானும் வாடையும் நம் மணல் கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று கடலோரம் குடியிருப்பவர்களும், பொத்துவில் பக்கம் காணி வாங்கியவர்களும், பள்ளியில் புவியியல் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காற்று நிலத்தை எப்படி அரிக்கிறது, அரித்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்பதுதான் விஷயம். நம் கரையோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

காற்றுக்கு நிலத்தை மாற்றும் அளவுக்குப் பலம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நிலம் இடம் கொடுக்க வேண்டும். தண்ணீரைவிடக் காற்று ஏறத்தாழ 800 மடங்கு லேசானது. ஆறு உருட்டிக்கொண்டு வரும் கல்லைக் காற்றால் அசைக்கக்கூட முடியாது. மண் காய்ந்திருக்க வேண்டும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும், மேலே புல் பூண்டு மூடியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காற்று வேலையைத் தொடங்கிவிடும். சகாராவில் இவை மூன்றும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குக் கிடைக்கின்றன. நமக்கு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில், வருடத்தில் சில மாதங்கள் கிடைக்கின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலை உழுது, மழைக்குக் காத்துக் கிடக்கும் நாட்களிலும் கொஞ்சம் கிடைக்கும்.

மணல் பறக்கிறதா, உருள்கிறதா?

பெரும்பாலும் துள்ளுகிறது. நல்ல வெயில் நாளில் பின்னேரம் மூன்று மணிக்குக் கடற்கரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். முழங்காலுக்கு மேலே அவ்வளவு தெரியாது. முகத்தில் காற்று மட்டும்தான் படும். குனிந்து, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தால் மணலுக்கு மேலே ஒரு மெல்லிய புகைப்படலம் ஓடுவதுபோல் இருக்கும். அந்தப் படலம்தான் மணலின் பயணம்.

ஒரு மணல்மணி எழும்புகிறது, காற்று அதை முன்னால் தள்ளுகிறது, அது சாய்வாக வந்து விழுகிறது, விழுந்த வேகத்தில் இன்னும் இரண்டு மூன்று மணிகளைத் தட்டி எழுப்புகிறது. ரால்ஃப் பேக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் 1930களில் லிபியப் பாலைவனத்தில் அலைந்து, பிறகு இங்கிலாந்தில் ஒரு காற்றுக் குழாயை அமைத்து இதை அளந்தார். காற்று கொண்டுபோகும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படித் துள்ளியே போகிறது. பருமனான மணிகள் துள்ள முடியாமல், மற்றவை வந்து மோதும்போது தரையோடு ஊர்கின்றன. மிக நுண்ணிய தூசி மட்டுமே காற்றில் தொங்கிக்கொண்டு நெடுந்தூரம் போகும்.

காய்ந்த சாதாரண மணல் அசைய மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் காற்று வேண்டும். அதைத் தாண்டிய பிறகு கணக்கு வேறு மாதிரி ஓடும். பலமான காற்றில் வேகம் இரண்டு மடங்கானால் கடத்தப்படும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஒரு மாதம் மெல்ல வீசும் காற்று செய்யாததை ஒருநாள் பலத்த காற்று செய்து முடிப்பது இதனால்தான்.

கச்சான் காற்று ஏன் அவ்வளவு சூடு?

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். இங்கே பேசுவது காற்றைப் பற்றி.)

வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேல் பருவக்காற்று மலையகத்தின் மேற்குச் சரிவில் ஏறி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்குப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் சூடேறுகிறது. அதுதான் நம்மிடம் கச்சானாக வந்து சேர்கிறது. அல்ப்ஸ் மலையின் ஃபோன் காற்றும் இதே இனம். வானிலையியல் அகராதியில் ‘கச்சான்’ என்ற சொல்லே மட்டக்களப்பின் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது என்பது எனக்குப் பெருமையான விஷயம். கச்சான் பலமாக வீசும் நாளில் கடற்காற்றால் கரையேற முடியாது. வெப்பநிலை 38 பாகையை நெருங்கும்.

“மனே, கச்சான் தொடங்கிட்டு, கதவைச் சாத்து” என்று அம்மம்மா சொல்வார். சாத்திய கதவின் கீழ் இடுக்கில் பின்னேரத்துக்குள் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புத் தூசி படிந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் மாப்போல இருக்கும், மணலின் நறநறப்பே இராது. கடற்கரை மணலின் சாயலே அதில் இல்லை. மேற்கே வயலிலிருந்தும் கிரவல் பாதையிலிருந்தும் கிளம்பி வந்த மண் அது.

அப்படியென்றால் நம் மணல்மேடுகளைக் கட்டுவது கச்சானா?

மட்டக்களப்புக் கரையில் இல்லை. கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மணலைக் கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். மேடு கட்ட வேண்டுமானால் கடற்பக்கமிருந்து வீச வேண்டும். அந்த வேலையை இரண்டு காற்றுகள் பார்க்கின்றன: ஒன்று வாடை என்னும் வடகிழக்குப் பருவக்காற்று, மற்றது அன்றாடம் பின்னேரத்தில் வரும் கடற்காற்று.

வாடை கார்த்திகை, மார்கழியில் மழையோடு வரும்போது மணல் நனைந்துவிடுகிறது. இரண்டு மணிகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும் ஒரு சொட்டு நீர் காற்றுக்கு எதிரே பூட்டுப் போட்டதுபோல. அந்த மாதங்களில் கடலும் கொந்தளிக்கும். அலை கரை மணலை அரித்துக்கொண்டுபோய் ஆழம் குறைந்த கடலடியில் திட்டாகப் போட்டுவைக்கும். தை கழிந்து மழை ஓய்ந்ததும் கடல் மெல்ல அதைத் திருப்பித் தருகிறது. மாசி, பங்குனியில் கரை அகன்று, வெயிலில் காய்ந்து, வாடையின் மிச்சமும் கடற்காற்றும் வீசும்போது மணல் உள்ளே ஏறுகிறது. அலை கொடுப்பதைத்தான் காற்று எடுக்கிறது. மேட்டு மணலும் கரை மணலும் ஒரே வீட்டுச் சொத்து என்பதை மனதில் வையுங்கள். கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

பொத்துவில், பாணமைப் பக்கம் மட்டும் மேடுகள் ஏன் அவ்வளவு பெரிது?

கரையின் திசையைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து சங்கமன்கண்டி முனை வரை கரை ஏறத்தாழ தென்கிழக்காக இறங்குகிறது. இலங்கையின் கிழக்கெல்லை அந்த முனைதான். அதைத் தாண்டியதும் கரை தென்மேற்குப் பக்கம் திரும்புகிறது. பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை எல்லாம் இந்தத் திரும்பிய கரையில் உள்ளவை. தென்மேல் காற்று இங்கே கரையோடு ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது. வறண்ட மாதங்களில், நீளமான மணல் கரை முழுவதையும் பெருக்கிக்கொண்டு வருகிறது. ஒரே காற்று, கரை சற்றுத் திரும்பியதால் ஓரிடத்தில் மேட்டைக் கட்டுகிறது, இன்னோரிடத்தில் மணலைக் கடலில் கொட்டுகிறது.

ஒரு மணல்மேடு எப்படிப் பிறக்கிறது?

ஒரு பொச்சுமட்டையிலிருந்து (தேங்காய் உரித்த மட்டை). கரையில் கிடக்கும் மட்டைக்குப் பின்னால் காற்று தளர்கிறது. தளர்ந்த காற்று சுமையை இறக்குகிறது. ஒரு பகலுக்குள் மட்டையின் பின்னால் எலிவால் மாதிரி ஒரு சின்ன மணல் நீட்டம் உருவாகும். மட்டை அடித்துக்கொண்டு போனால் வாலும் போய்விடும். அந்த இடத்தில் ஒரு செடி முளைத்திருந்தால் கதை மாறும்.

நம் கரையில் இந்த வேலையைச் செய்பவை முக்கியமாக இரண்டு: அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அடம்பன் கொடியின் இலையைக் கவனித்திருக்கிறீர்களா? நுனியில் பிளந்து ஆட்டுக் குளம்புபோல இருக்கும். ஊதா நிறத்தில் பூக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டுக்கொண்டு மணலின்மேல் பல மீற்றர் ஓடும். மணல் மூடினால் அது சாவதில்லை, மூடிய மணலுக்கு மேலே புதுத் தளிர் விடும். மணல் உயர உயரக் கொடியும் உயர்கிறது. கொடி உயர உயர இன்னும் மணல் சேர்கிறது. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்ற பழமொழியை நாம் ஒற்றுமைக்குச் சொல்வோம். மணல்மேட்டின்மேல் நின்றால் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

இராவணன் மீசை ஒரு முள்ளுப் புல். அதன் விதைத்தலை முள்ளுப் பந்துபோலக் காய்ந்து உதிரும். காற்றில் அது உருண்டு போவதைப் பிள்ளைகள் துரத்தி விளையாடுவார்கள். உருண்டு போய் நிற்கிற பள்ளத்தில் மணலும் வந்து சேரும், விதையும் முளைக்கும். காற்று தனக்கு எதிரான வேலியைத் தானே நட்டுவிட்டுப் போகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை, காற்று ஏறும் பக்கம் மென்சரிவு. மறுபக்கம் மணல் உச்சியிலிருந்து வழிந்து விழும் செங்குத்துச் சரிவு. காய்ந்த மணல் நிலைத்து நிற்கக்கூடிய உச்ச அளவு 32 முதல் 34 பாகைதான். அதற்கு மேல் கூட்டினால் சரிந்துவிடும்.

மணலில் அலை அலையாகக் கோடு விழுவது ஏன்? கறுப்பு மணல் எங்கிருந்து வருகிறது?

துள்ளும் மணிகள் ஒரு சின்ன மேட்டின் காற்றுப் பக்கத்தில் அதிகமாக மோதுகின்றன, மறுபக்கம் கொஞ்சம் ஒதுங்கிவிடுகிறது. அந்த வித்தியாசம் வளர்ந்து வரிவரியாகிறது. வரிக்கு வரி பெரும்பாலும் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும். உச்சியைக் கிள்ளிப் பாருங்கள்: ஊர்ந்து வந்த பருமனான மணிகள் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

கறுப்புப் பட்டைகள் இல்மனைட், மக்னடைட் போன்ற பாரமான கனிமங்கள். சாதாரண வெள்ளை மணலான குவாட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு பாரம். இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. அலையும் காற்றும் லேசானதைக் கொண்டுபோக, பாரமானது பின்தங்கிவிடுகிறது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கடதாசியில் சுற்றி அந்தப் பட்டையில் இழுத்தால் கறுப்பு மணிகள் மயிர்போல எழுந்து நிற்கும்.

குடும்பிமலை, தாந்தாமலைப் பாறைகளைக் காற்றுத்தான் செதுக்கியதா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கிழக்கின் அடித்தளம் நைஸ் (gneiss) என்ற மிகப் பழைய கடினப் பாறை. மண்ணுக்கடியில் வெடிப்புகளின் வழியே ஊறிய மழைநீர் பாறையின் மூலைகளை இரசாயன முறையில் கரைத்து உருட்டியது. பிறகு மேல்மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் உருண்டைப் பாறைகள் வெளியே தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்தாற்போல நிற்கும் பாறைகளும் அப்படி வந்தவையே.

காற்று செதுக்கிய பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் எகிப்து, ஈரான் பாலைவனங்களுக்குப் போக வேண்டும். அங்கே துள்ளும் மணல் பாறையைத் தரையோடு ஒட்டிய ஒரு மீற்றர் உயரத்துக்குள் தேய்க்கிறது. காற்றின் திசையிலேயே நீண்டு, கவிழ்த்த தோணிபோலக் கிடக்கும் மேடுகளுக்கு யார்டாங் என்று பெயர்.

பரீட்சைக்குப் படிக்கிறேன். பிறைவடிவ மேட்டின் கொம்பு எந்தப் பக்கம்?

மணல் குறைவாகவும் செடி இல்லாமலும் இருக்கும் பாலைவனத்தில் உருவாகும் பிறைவடிவ மேடான பர்கானுக்குக் கொம்புகள் காற்று போகும் திசையில் நீளும், ஏனென்றால் ஓரத்தில் மணல் குறைவு, அது வேகமாக நகர்கிறது. கரையோரங்களில் உருவாகும் பரவளைவு மேட்டுக்கு நேர்மாறு: செடிகள் இரு ஓரத்தையும் பிடித்துக்கொள்ள நடுப்பகுதி மட்டும் முன்னேறும், கைகள் காற்று வரும் திசையை நோக்கிப் பின்னால் கிடக்கும். காற்று பல திசையிலிருந்து மாறி மாறி வீசினால் நட்சத்திர வடிவம். இவ்வளவு போதும்.

மேலே போன தூசி எங்கே போய் விழும்?

பொலி தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது வயலுக்கே மெசின் வந்துவிட்டது. சின்ன வயதில் நான் களத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுளகைத் தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்தால் நெல் காலடியில் விழும், பதர் நாலு முழம் தள்ளி விழும், தூசி வரம்பைத் தாண்டிப் போய்விடும். காற்று உலகம் முழுவதும் செய்வது அதே தூற்றல்தான். கல் அசையாமல் கிடக்கிறது, மணல் அருகில் மேடாகிறது, வண்டல் தூசி நாடு தாண்டுகிறது.

சீனாவின் வடக்கில் அப்படி விழுந்த மஞ்சள் தூசி சில இடங்களில் 300 மீற்றருக்கும் மேல் தடிப்பாகப் படிந்திருக்கிறது. மஞ்சள் ஆற்றின் நிறம் அதிலிருந்து வந்தது. இந்தப் படிவை லோயஸ் என்பார்கள்; விவசாயத்துக்கு அருமையான மண். சாட் நாட்டில் வற்றிப்போன பழைய ஏரிப் படுக்கையான போடெலேயிலிருந்து கிளம்பும் தூசி அத்திலாந்திக்கைக் கடந்து அமேசன் காட்டில் விழுகிறது.

ஓரிடத்துக்கு வரம் என்றால் இன்னோரிடத்துக்கு இழப்பு. 1920களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் தொடர்ந்து வறட்சி வந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த தூசிப்புயல் நண்பகலுக்குப் பின் வானத்தையே இருளாக்கியது. போனது அத்தனையும் வளமான மேல்மண். சேனைப் பயிருக்காகக் காட்டை எரித்த நிலத்தைக் கச்சானில் வெறுமனே போட்டுவைக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதை நினைத்துத்தான். வைக்கோலைப் பரப்பி வைத்தாலே பெரும்பகுதி தப்பும்.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபடுவதும் காற்றாலா?

பெரும்பாலும் அலையால். கரையோரம் அலை மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். வாவியில் நீர் குறைந்த மாதங்களில் அதைத் தள்ளிவிட வெளியோட்டம் இல்லாததால் வாய் மூடிக்கொள்ளும். மாரியில் நீர் மட்டம் ஏறியதும் ஆற்றுவாயை வெட்டிவிடுகிறோம். அந்த மணற்திட்டு காய்ந்து கிடக்கும்போது காற்று அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் உயர்த்தும், அவ்வளவுதான். ஒலுவிலில் துறைமுகம் கட்டியபின் வடக்கே கரை அரிக்கப்பட்டதும் இதே அலைவழிப் பயணம் தடைப்பட்டதால்தான்.

சுனாமியை மணல்மேடு தடுத்திருக்குமா?

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கல்லடியிலும் நாம் இழந்தவர்களை நினைத்துக்கொண்டு இதற்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். தாழ்ந்த மேட்டை அவ்வளவு பெரிய அலை தாண்டியே போகும். உயரமான, இடைவெளியில்லாத, செடி மூடிய மேடு இருந்த இடங்களில் பின்னாலிருந்த நிலம் தப்பியது. மேட்டில் வெட்டு இருந்த இடத்தில் நீர் அதன் வழியே ஒடுங்கி இன்னும் வேகமாகப் பாய்ந்தது. யாலவில் கடல் தெரிய வேண்டும் என்று முன்னாலிருந்த மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த ஒரு விடுதி முற்றாக அழிந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். 1978 நவம்பர் 23 இரவு வந்ததுபோன்ற புயல் திரும்ப வந்தால், கடல் முதலில் தின்பது மேட்டு மணலைத்தான். அது தின்னும் நேரம் நமக்குக் கிடைக்கும் நேரம்.

கடல் தெரியவில்லை. வீட்டுக்கு முன்னாலுள்ள மேட்டை மட்டப்படுத்தலாமா?

வேண்டாம், அனுமதியில்லாமல் செய்யவும் முடியாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். மேட்டு மணலை வீடு கட்ட அள்ளுவதும் அப்படியே. மேட்டிலிருந்து எடுத்த மணலைக் கரை ஈடுசெய்யும், அடுத்த மாரியில் அலை உங்கள் வாசலுக்கு அருகில் வந்து நிற்கும்.

இன்னொரு காரணம் குடிநீர். மணலில் இறங்கிய மழைநீர் கடல் நீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கணக்கின்படி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால், கீழே 40 மீற்றர் வரை நன்னீர் தாங்கி நிற்கலாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பூவல் என்ற ஆழமில்லாத மணற்கிணறு தோண்டியதும் நல்ல தண்ணீர் ஊறியது மணல் உயரமாக இருந்ததால்.

கரை முழுவதும் சவுக்கு நட்டாயிற்றே, போதாதா?

சவுக்கு வேகமாக வளரும், காற்றைத் தணிக்கும். ஆனால் அதன் நிழலிலும் உதிர்ந்த ஊசிச் சருகிலும் அடம்பன் கொடி நிற்காது. மரத்துக்கடியில் மணல் மொட்டையாகிவிடும். கடற்பக்கம் கொடிக்கும் புல்லுக்கும் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் மரங்கள் என்று வைப்பதே நம் கரையின் பழைய ஒழுங்கு.

மணல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. மதில் கட்டட்டுமா?

மதிலில் மோதிய காற்று கீழே சுழன்று அடிவாரத்தைத் தோண்டும், மேலே ஏறிப் பின்பக்கம் மணலைக் கொட்டும். ஒரு உறவினர் வீட்டில் கடற்பக்க மதிலின் அத்திவாரம் இரண்டே வருடத்தில் வெளியே தெரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வேலி போடுங்கள். பாதி அடைப்பு, பாதி இடைவெளி இருக்கும்படி தென்னோலை மட்டையை நெருக்கமில்லாமல் குத்தி, இடுப்பளவு உயரத்தில் கட்டினால் போதும். காற்று ஊடே போகும், மணல் தங்கிவிடும். மூடிக்கொண்டதும் அதன்மேலேயே இன்னொரு வரிசை. இடையில் அடம்பன் கொடித் துண்டுகளை மழை தொடங்கும் ஐப்பசியில் ஊன்றிவிடுங்கள். கடலுக்குப் போகும் நடைபாதையைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சாய்த்து வளைத்து வைத்தால், அந்தப் பாதையே மேட்டைக் குடைந்துகொண்டு போகாது.

பிள்ளைகளோடு செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்லுங்கள்.

பழைய தும்புத்தடிக் கம்பு ஒன்றில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் கோடு போட்டு, அடம்பன் கொடி முன்னேறிக்கொண்டிருக்கும் விளிம்பில் ஆழமாக நடுங்கள். இன்னொன்றை ஆள் நடந்து மொட்டையான இடத்தில் நடுங்கள். மாசி பிறந்ததும் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் மணல் எந்தக் கோட்டில் நிற்கிறது, அன்று காற்று எந்தப் பக்கம், மழை பெய்ததா என்று கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சித்திரை வருடப்பிறப்பன்று இரண்டு கம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பைப் பிடுங்கும்போது கொடியின் வேர் அறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.